காயத்தைக் கழுவ ஒரு குழாய்

(மாத்தளையில் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நமது சங்கம் நடத்திய பயிற்சி வகுப்பில், அரச வைத்தியசாலைகளில் முப்பது வருடங்களுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"மிஸ்ஸி, சுகாதாரத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க, அரை மணித்தியாலம் போதும்" என்றுதான் மாவட்டப் பிரதிநிதி என்னிடம் சொன்னார். நான் காயத்தைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். சம்பளம், வீடு, காணி என்று பெரிய பிரச்சினைகள் காத்துக்கொண்டிருக்கும்போது காயமும் ஒரு விஷயமா என்று சிலர் நினைக்கலாம். ஒரு கேள்வி கேட்கிறேன். கவ்வாத்துக் கத்தியோ, சுரண்டியோ, பால்வெட்டுக் கத்தியோ, மிளகு பறிக்கும் ஏணியோ தன் உடம்பில் ஒரு தழும்புகூட வைக்கவில்லை என்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

ஒருவரும் தூக்கவில்லை. சரி, அப்போது பேசலாம்.

நான் ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும்போது என் சித்தப்பா இறந்துபோனார். அவர் லயத்துக்குப் பின்னால் ஒரு மாடு வளர்த்தார், கொஞ்சம் போஞ்சியும் முள்ளங்கியும் போட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எரு கிளறும்போது முள்ளு காலில் ஏறிவிட்டது. வெறுங்கால். முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கோப்பித்தூளை அப்பி, சித்தியின் பழைய சேலைத் துண்டில் கட்டிக்கொண்டார். காயம் மிளகு அளவுதான். திங்கட்கிழமை வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் மேல்தோல் மூடிக்கொண்டது, "ஆறிப்போச்சு" என்றார்.

எட்டாம் நாள் காலையில் ரொட்டியைக் கடிக்க வாய் திறக்க முடியவில்லை. பல் கிட்டிக்கொண்டது. சித்தி பயந்து பூசாரியிடம் ஓடினார். அன்று இரவு ஒரு நாய் குரைத்தாலும், யாராவது கதவைத் தட்டினாலும், அவர் உடம்பு வில்லாக வளைந்தது. அறிவு தெளிவாக இருந்தது, எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் பிரேதமாகத்தான் வந்தார். லயத்தில் எல்லோரும் பேய் பிடித்தது என்றுதான் பேசினார்கள். தாதிப் பயிற்சிக்குப் போய் ஏற்புவலி பற்றிய பாடத்தைக் கேட்ட நாளில்தான், என் சித்தப்பாவைக் கொன்றது எது என்று எனக்குத் தெரிந்தது. அன்று வகுப்பில் நான் அழுதேன், மற்றப் பிள்ளைகளுக்குக் காரணம் புரியவில்லை.

ஏற்புவலிக் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் விதை மாதிரி உறங்கிக்கிடக்கும். வெயிலில் சாகாது, கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் அந்த விதை தப்பிக்கும். அதற்குக் காற்றுப் புகாத இடம் வேண்டும். ஆழமாகக் குத்தி, மேலே மூடிக்கொண்ட காயம் அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. அங்கே முளைத்து ஒரு விஷத்தை உண்டாக்கும், அந்த விஷம் நரம்பில் ஏறும். குத்தியதிலிருந்து பெரும்பாலும் மூன்று நாள் தொடக்கம் மூன்று கிழமைக்குள் வாய் கிட்டும். அதனால்தான் சொல்கிறேன், நீளமாக வெட்டுப்பட்டு இரத்தம் கொட்டுகிற காயத்தைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். ஆணி குத்திய காயத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். பயப்பட வேண்டியது இரண்டாவதுக்கும்தான்.

இதற்கு ஊசி இருக்கிறது. நம் நாட்டில் குழந்தைகளுக்கு முக்கூட்டு ஊசி 1961இலிருந்தும், கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்பு ஊசி 1969இலிருந்தும் போடப்படுகிறது. பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி வழியாக வரும் ஏற்புவலியை இன்றைய இளம் தாதிமார் கண்ணாலும் பார்த்ததில்லை. அது பெரிய சாதனை. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு நடுவயது வரை ஏதோ ஒரு ஊசி விழுந்திருக்கும். ஆண்களுக்கு? பள்ளிக்கூடத்தில் போட்டதோடு சரி. நாற்பத்தைந்து வயதில் முள்ளும் மண்வெட்டியும் பிடிக்கிற மனிதருக்குக் கடைசி ஊசி பன்னிரண்டு வயதில். சுத்தமான சின்னக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். மண், சாணம் பட்ட காயம், ஆழமாகக் குத்திய காயம் என்றால் ஐந்து வருடம்தான் கணக்கு. சின்ன வயதில் ஊசியே சரியாகப் போடாதவர் என்றால் வைத்தியர் வேறு ஊசியும் சேர்த்துப் போடச் சொல்லலாம். ஆகவே "எப்ப கடைசியா ஊசி போட்டீங்க?" என்று கேட்டால் "ஞாபகமில்லை" என்று உண்மையைச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. போட்ட திகதியை அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, காயம் பட்ட உடனே என்ன செய்வது?

இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் அமர்த்திப் பிடியுங்கள். பத்து நிமிடம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற பிழை அது. இரத்தம் நின்ற பிறகு கழுவ வேண்டும். கழுவுவது என்றால் நனைப்பது அல்ல. ஓடுகிற தண்ணீரில், மண்ணும் தூசும் தேயிலைக் குச்சியும் வெளியே போகும் வரை, குறைந்தது ஐந்து நிமிடமாவது. காயத்தைச் சுற்றியுள்ள தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். குடிக்கக்கூடிய தண்ணீர் என்றால் காயம் கழுவவும் போதும், இது ஆராய்ச்சி செய்து பார்த்த விஷயம். குழாய்த் தண்ணீரில் கழுவிய காயம், வைத்தியசாலை உப்புநீரில் கழுவிய காயத்தைவிட அதிகமாகப் பழுக்கவில்லை. ஆனால் "குடிக்கக்கூடிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். நமது பீலித் தண்ணீர் மேலே எந்தக் காட்டிலிருந்து, எந்த மாட்டுத் தொழுவத்தைத் தாண்டி வருகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். ஒரு லீட்டருக்கு மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டால் எரிச்சல் குறையும், போடாவிட்டாலும் குற்றமில்லை. வேறு தண்ணீர் இல்லை என்றால் பீலித் தண்ணீரிலாவது உடனே மண் போகக் கழுவிவிட்டு, டிஸ்பென்சரியில் மறுபடி கழுவச் சொல்லுங்கள். மண்ணோடு கட்டிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் காத்திருப்பதைவிட அது மேல்.

இப்போது உங்களோடு கொஞ்சம் சண்டை போடப்போகிறேன். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, சீனி, மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு, சிலந்தி வலை, தீக்காயத்துக்குப் பற்பசை. முப்பது வருடமாக இதையெல்லாம் காயத்திலிருந்து தோண்டி எடுத்தவள் நான். கோப்பித்தூள் இரத்தத்தை நிறுத்துகிற மாதிரித் தெரியும், உண்மைதான். ஆனால் அது காயத்துக்குள் சேறாக நின்றுவிடும், கீழே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. என் சித்தப்பாவுக்கு அதுதான் நடந்தது. கடையில் இரண்டு கெப்ஸூல் வாங்கி உடைத்துத் தூளைக் காயத்தில் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். விழுங்க வேண்டிய மருந்து அது, அதுவும் வைத்தியர் சொன்ன நாள் கணக்குக்கு.

டெட்டோலை அப்படியே ஊற்றுகிறவர்கள், ஸ்பிரிட் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். "எரிஞ்சாத்தான் கிருமி சாகும் மிஸ்ஸி" என்பார்கள். இதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங்கின் பெயர் உங்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். அது 1928. அதற்கு முன்னால், முதலாம் உலகப்போரில், பிரான்சில் ஒரு இராணுவ வைத்தியசாலையில் அவர் வேலை செய்தார். அங்கே சிப்பாய்களின் காயத்தில் காரமான கிருமிநாசினியை ஊற்றினார்கள், ஆனாலும் காயம் பழுத்தது. பிளெமிங் ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அதில் முள் முள்ளாக இழுத்து, கிழிந்த காயத்தைப்போல ஒன்றைச் செய்து பார்த்தார். மருந்தை ஊற்றிக் கொட்டிய பிறகும் அந்த முள் இடுக்குகளில் கிருமி உயிரோடு இருந்தது. அதே மருந்து, கிருமியோடு சண்டை போடுகிற நம் உடம்பின் வெள்ளை அணுக்களைத்தான் அதிகமாகக் கொன்றது. எரிவது கிருமி சாவதால் வருகிற எரிச்சல் அல்ல, அந்த மருந்து நம் சதையை உறுத்துவதால் வருவது. நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் நம் அலுமாரியில் டெட்டோல் போத்தல்தான் முதல் மருந்து. தரை கழுவ அது நல்ல சாமான்.

அட்டைக் கடியைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும், நக்கிள்ஸ் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். நெருப்பு வைக்காதீர்கள், நகத்தால் ஓரமாகத் தள்ளி எடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு சாற்றை விடுகிறது, அதனால் சில மணித்தியாலம் கசியும், பயமில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவி மூடுங்கள். சொறிந்து புண்ணாக்குவதில்தான் பிரச்சினை. நாய் கடித்தால் பதினைந்து நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாய் வீட்டு நாயாக இருந்தாலும். ஸ்டோரில் ரப்பர் பால் உறைய வைக்கிற அசிட் பட்டால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். வேறெதுவும் பூசக் கூடாது.

வைத்தியர் சில காயங்களைத் தைக்காமல் திறந்து விடுவார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன், தைக்காமலே அனுப்பிட்டாங்க, தோட்டத்து ஆளுன்னா அப்படித்தான்" என்று கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்மை அப்படி நடத்துகிற இடங்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வைத்தியர் சரி. அழுக்கான காயத்தை, கடிபட்ட காயத்தைத் தைத்து மூடினால் உள்ளே சீழ் கட்டும். சில நாள் மருந்து கட்டி, சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு தைப்பதுதான் முறை.

அடுத்தது கை. காயத்தைத் தொடுகிறவரின் கை.

1847இல் வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவமாதர். மாணவர்களின் வார்டில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார் காய்ச்சல் கண்டு செத்தார்கள். மருத்துவமாதரின் வார்டில் அதில் பாதிகூட இல்லை. இது அந்த ஊர் ஏழைப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முதல் வார்டில் சேர்க்க வேண்டாம் என்று முழங்காலிட்டு அழுதார்கள், சிலர் அதற்குப் பயந்து தெருவிலேயே பிள்ளை பெற்றார்கள். செம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். மாணவர்கள் பிரேத அறையில் பிணத்தை அறுத்துவிட்டு, அதே கையோடு வந்து பிரசவம் பார்த்தார்கள். அவர் வாசலில் குளோரின் கலந்த தண்ணீரை வைத்து, கை கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்றார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டாக இறங்கியது. பெரிய வைத்தியர்கள் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. எங்கள் கை அழுக்கென்று சொல்கிறாயா என்று அவர்மேல் பாய்ந்தார்கள். கடைசியில், 1865இல், அவர் செத்ததும் ஒரு காயம் பழுத்துத்தான்.

இந்தக் கதையை வைத்தியர்கள் செம்மல்வைஸின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது அந்தத் தெருவில் பிள்ளை பெற்ற பெண்களின் கதை. எந்த இடத்தில் சாவு இருக்கிறது என்று முதலில் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

நானும் சுத்தமானவள் அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சத்திரசிகிச்சை வார்டில், காலையில் நாற்பது பேருக்கு மருந்து கட்ட வேண்டும். குழாய் வார்டின் ஒரு மூலையில், பல நாள் சவர்க்காரம் இருக்காது. சீழ் வடிகிற ஒருவருக்குக் கட்டிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அங்கே ஹெர்னியா வெட்டிய ஒரு கிழவர். சுத்தமான காயம். நாலு நாளில் அவருக்கும் சீழ் வந்தது. என்னுடைய கையாலா என்று யாரும் நிரூபிக்கவில்லை. எனக்குத் தெரியும். வார்டு சிஸ்டர் என்னைத் திட்டவில்லை, அடுத்த நாள் தன் வீட்டிலிருந்து ஒரு சவர்க்காரக் கட்டியைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தார்.

அதனால் டிஸ்பென்சரியில் மருந்து கட்டும்போது சில விஷயங்களைக் கண் திறந்து பாருங்கள். கட்டுகிறவர் உங்களைத் தொடுவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறாரா? நாற்பதிலிருந்து அறுபது விநாடி பிடிக்கும். கையுறை போட்டாலும் கழுவ வேண்டும். ஒரே கிண்ணத்தில் மருந்தை ஊற்றி, ஒரே இடுக்கியை எல்லோருக்கும் தோய்த்து எடுக்கிறார்களா? அப்படியென்றால் முதல் ஆளின் சீழ் பத்தாவது ஆளுக்கும் போகிறது. சுத்தமான காயத்துக்கு முதலிலும் பழுத்த புண்ணுக்குக் கடைசியிலும் கட்ட வேண்டும், வரிசையில் யார் முன்னால் நின்றாலும் சரி. கருவிகளை நீராவி அழுத்தத்தில், 121 பாகையில், பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் வைத்து எடுக்க வேண்டும், கேத்தலில் கொதிக்கவைப்பது போதாது. ஏற்புவலி விதையைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதல்லவா.

ஈ.எம்.ஏ. ஐயாவோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. பாதி இடங்களில் அவர் தனி ஆள், குழாயில் தண்ணீர் வராது, கோஸ் துணி கேட்டு எழுதினால் மூன்று மாதம் பதில் வராது. "ஐயா, கை கழுவிட்டுக் கட்டுங்களேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். "தண்ணி எங்கம்மா இருக்கு?" என்று அவர் கேட்டால், அந்தக் கேள்வியைத் துரையின் மேசைக்குக் கொண்டுபோக வேண்டியது தோட்டக் கமிட்டியின் வேலை. இதற்காகத்தான் இந்த விஷயத்தைச் சங்க வகுப்பில் பேசுகிறேன்.

மாத்தளைக்கு இதில் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. மன்னாரில் இறங்கிக் காட்டுப் பாதையில் வெறுங்காலோடு நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்கள் நம் முன்னோர்கள். தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்ய வேண்டும் என்று 1872இலேயே கோப்பித் தோட்டங்களுக்காகச் சட்டம் வந்தது, 1912இல் புதிய சட்டம் வந்தது. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் கொக்கிப்புழுவை ஒழிக்க இலங்கையில் வேலை தொடங்கியபோது, தொடங்கிய இடம் மாத்தளைத் தோட்டங்கள். அந்தப் புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும், குடலில் இருந்து இரத்தத்தைக் குடிக்கும். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் கட்டும் செலவை ஏற்கத் தோட்டச் சொந்தக்காரர்கள் பின்வாங்கினார்கள். மருந்து குடித்த அதே ஆட்கள் அதே மண்ணில் நடந்தார்கள், மறுபடியும் புழு ஏறியது. மருந்துக்குக் காசு இருந்தது, குழிக்கும் சப்பாத்துக்கும் காசு இல்லை.

2008ஐ உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் எலிக்காய்ச்சல் நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சந்தேக நோயாளிகளாக வைத்தியசாலைக்கு அனுப்பியது, இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் நமது மாத்தளையும் ஒன்று. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் அந்தக் கிருமி இருக்கும். அது உள்ளே போகிற வாசல்களில் முக்கியமானது காலிலும் கையிலும் இருக்கிற கீறல். தோட்ட வேலை முடிந்து கிராமத்து வயலுக்குக் கூலிக்குப் போகிறவர்கள், கான் வெட்டுகிறவர்கள் இதைக் கேளுங்கள். காயத்தைத் தண்ணீர் புகாதபடி மூடாமல் சேற்றில் இறங்கக் கூடாது. வயலில் இறங்குகிறவர்களுக்குக் கிழமைக்கு ஒரு முறை போடும் தடுப்பு மாத்திரையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் வைத்தியரிடம் "எனக்குக் காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாமல், "நான் சேத்துல வேலை செய்யிறேன், கால்ல காயம் இருக்கு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் வைத்தியரின் யோசனையை மாற்றும்.

இனிச் சட்டம். தேயிலை ஸ்டோர் ஒரு தொழிற்சாலை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அங்கே முதலுதவிப் பெட்டி வைக்கச் சொல்கிறது. மலை தொழிற்சாலை அல்ல, ஆகவே அந்தச் சட்டம் மலைக்கு ஏறாது. ஆனால் கத்தியும் கவ்வாத்தும் பாம்பும் அட்டையும் மலையில்தான் இருக்கின்றன. என்னைக் கேட்டால், பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கேட்க வேண்டியது பெரிய விலைச் சாமான் ஒன்றுமில்லை. கொழுந்து நிறுக்கிற ஒவ்வொரு இடத்திலும் மூடியுள்ள ஒரு கேனில் கொதித்தாறிய தண்ணீர், ஒரு சவர்க்காரம், சுத்தமான கோஸ், பண்டேஜ். டிஸ்பென்சரியில் தண்ணீர் வருகிற ஒரு குழாய். சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தோடு பேசி, ஆண்களுக்கும் ஏற்பு ஊசி போடும் ஒரு நாள். ஒரு மாதச் செலவைக் கூட்டிப் பார்த்தால் துரை பங்களாவின் பூந்தோட்டச் செலவுக்கு எட்டாது.

இன்னொன்று, பேர். காயத்துக்கு மருந்து கட்டப் போன நாளுக்குப் பேர் போடுவதில்லை, அல்லது அரைப் பேர். அதனால் என்ன நடக்கிறது? இரண்டாவது கட்டுக்கு ஆள் வருவதில்லை. முதல் நாள் கட்டிய துணி ஐந்தாம் நாள் வரை வியர்வையோடும் மழையோடும் காலில் கிடக்கிறது. என்னிடம் வந்த ஒரு அம்மா, சீனி வருத்தக்காரி, அட்டைக் கடியைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டவர். சீனி வருத்தக்காரர் பலருக்குக் காலில் வலி தெரியாது, ஆகவே நடந்தார். கொழுந்து அதிகமாக இருந்த மாதம், ஒரு நாள் பேரை விட மனமில்லை. வந்து சேர்ந்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. எடுக்க வேண்டியதாயிற்று. "ரெண்டு நாள் சம்பளத்துக்கு ரெண்டு வெரலு மிஸ்ஸி" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

காயம் பட்டால் அன்றே, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்த மலை, என்ன வேலை, எத்தனை மணி, யார் பார்த்தது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு தருகிறது. சின்னக் காயம் பழுத்து, காலையே எடுக்க வேண்டி வந்தால், அந்தக் காலும் அதே காயத்தின் கணக்குத்தான். ஆனால் பட்ட அன்று பதிவு இல்லை என்றால், பத்து நாள் கழித்துக் கால் வீங்கும்போது "இது லயத்தில விறகு கொத்தும்போது பட்டது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கணக்கப்பிள்ளை எழுத மறுத்தால், தலைவர் தன் கொப்பியில் எழுதி, அன்றைய திகதியோடு இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வைக்கட்டும். டிஸ்பென்சரித் துண்டை எறிய வேண்டாம்.

மாதர் தலைவிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இப்போது சிசேரியன் செய்துகொண்டு லயத்துக்குத் திரும்புகிற பிள்ளைகள் அதிகம். தையல் போட்ட இடத்தில் தண்ணீரே படக் கூடாது என்று நாற்பது நாள் குளிக்கவிடாமல் வைக்கிற மாமியார்மார் இன்னும் இருக்கிறீர்கள், கோபிக்காதீர்கள். வைத்தியசாலையில் கட்டைக் கழற்றி, குளிக்கலாம் என்று சொல்லி அனுப்பினால் குளிக்கலாம். சவர்க்காரத் தண்ணீர் மேலாக ஓடட்டும், தேய்க்க வேண்டாம், சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்துங்கள். மடிப்புக்குள் ஈரம் நிற்கக் கூடாது. வேப்பிலை, மஞ்சள், நல்லெண்ணெய் எதுவும் தையலில் வேண்டாம். சிவந்தால், நாற்றமடித்தால், தையல் வாய் திறந்தால், காய்ச்சல் வந்தால் குடும்ப நல உத்தியோகத்தர் வரும் நாள்வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்கு.

எல்லாக் காயத்துக்கும் ஒரு சின்ன உபாயம் இருக்கிறது. சிவந்த இடத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மாலையில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால், இடம் சுட்டால், துடித்தால், தொடையிடுக்கில் நெறி கட்டினால், ஒரு சிவப்புக் கோடு காலில் மேலே ஏறினால், விடியட்டும் என்று படுக்க வேண்டாம். த்ரீவீலருக்குக் காசு இல்லை என்றால் தலைவரை எழுப்புங்கள், அதற்குத்தான் அவர் தலைவர். விரல் மடங்காவிட்டால், மரத்துப்போனால் உள்ளே நரம்போ தசைநாரோ வெட்டுப்பட்டிருக்கலாம், அதுவும் உடனே. வலியில்லாமல், வாரக் கணக்கில் ஆறாமல் கிடக்கிற புண் என்றால் அது காயமே இல்லாமல் இருக்கலாம். மணல் ஈ கடித்து வரும் தோல் நோய் ஒன்று நம் மாவட்டத்திலும் இருக்கிறது, அதற்கு எவ்வளவு கழுவினாலும் ஆறாது, தோல் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

நேரம் தாண்டிவிட்டது, பிரதிநிதி மணிக்கூட்டைப் பார்க்கிறார். தேநீருக்குப் பிறகு வெளியே குழாயடியில் ஒரு வாளி, சவர்க்காரம், கோஸ் துணி எல்லாம் வைத்திருக்கிறேன். ஐந்து ஐந்து பேராக வாருங்கள், கை கழுவுவதையும் காயம் கழுவிக் கட்டுவதையும் செய்து காட்டுகிறேன், நீங்களும் செய்து காட்ட வேண்டும். கமிட்டித் தலைவர்கள் முதலில் வரட்டும். வரும்போது தங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் குழாயில் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று அங்கே வைத்திருக்கும் கொப்பியில் தோட்டத்தின் பெயரோடு எழுதிவிட்டு வாருங்கள்.